வசந்தத்தில் ஓடையில் இறங்கும் தூண்டில்காரர்களே, கொஞ்சம் காலடியைப் பாருங்கள்

தூண்டில் நண்பர்களுக்கு,

குளிர் விட ஆரம்பித்ததுமே நமக்கெல்லாம் கை அரிக்கத் தொடங்கிவிடும். மாதக்கணக்காகப் பெட்டியில் கிடந்த ஃபிளைகளை, அதாவது பூச்சி மாதிரிக் கட்டிய தூண்டில் முட்களை, எடுத்து அடுக்குவது, தூண்டில் நரம்பைத் துடைப்பது, ரீலைப் பிரித்து எண்ணெய் விடுவது என்று வீட்டில் ஓர் ஓரத்தை ஆக்கிரமித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். அந்த நேரம் பெரிய ஆறு உருகிய பனியும் மழையும் சேர்ந்து கலங்கலாகப் பொங்கி ஓடிக்கொண்டிருக்கும், அதில் ஃபிளையை வீசிப் பிரயோஜனமில்லை, அதனால் எல்லோரும் பேசிவைத்தது போல ஒரே முடிவுக்கு வருகிறோம்: குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீனைத் தேடிக் கிளை ஓடைகளுக்குப் போகலாம். அங்கே தண்ணீர் தெளிந்திருக்கும், ஆழம் முழங்கால்தான், மீன் கண்ணுக்கே தெரியும். போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை, நானும் போகிற ஆள்தான். போன இடத்தில் எங்கே கால் வைக்கிறோம், எந்த மீனுக்கு வீசுகிறோம் என்பதில்தான் எனக்கு உங்களோடு வழக்கு.

நம் கூட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. பிடித்த மீனை விட்டுவிடுவோம், எதிர்முள்ளை நசுக்கிவிட்டுத்தான் முள்ளைக் கட்டுவோம், முடிச்சில்லாத ரப்பர் வலைதான் வைத்திருப்போம். நல்ல பழக்கங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கையால் ஒரு மீனைக்கூடக் கொல்லாமல் வீடு திரும்புகிறவர் காலால் நூற்றுக்கணக்கில் கொன்றுவிட்டு, அது தெரியாமலேயே நிம்மதியாகத் தூங்கலாம். வசந்தத்தில் அதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

எந்த டிரவுட் எப்போது முட்டையிடுகிறது என்று பாருங்கள். ரெயின்போ, கட்த்ரோட், கடலிலிருந்தும் பெரிய ஏரிகளிலிருந்தும் ஏறி வரும் ஸ்டீல்ஹெட் எல்லாம் தண்ணீர் சூடேறத் தொடங்கும்போது, அதாவது நாம் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அதே வாரங்களில், முட்டையிடுகின்றன. பிரவுனும் புரூக்கும் இலையுதிர் காலத்திலேயே வேலையை முடித்துவிடும், அதனால் அந்த ஓடைகளில் கவலையில்லாமல் இறங்கலாம் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. அந்த முட்டைகள் எங்கே போயின? குளிர்காலம் முழுக்கச் சரளைக்கு அடியில் கிடந்து, குளிர் முடியும் தறுவாயில் பொரிந்து, வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்தபடி குஞ்சுகள் இன்னும் சில வாரம் கல்லிடுக்கிலேயே இருக்கும். ஆக, ஓடை எந்த டிரவுட்டுடையதாக இருந்தாலும் சரி, வசந்தத்தில் அதன் சரளைக்குள் ஆள் இருக்கிறது.

முட்டைக் குழி எப்படி அமைகிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் தரையை அடித்து அடித்துச் சரளையைக் கிளப்புகிறது. வண்டலை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், கல் மட்டும் சற்றுக் கீழே தள்ளி விழும். குழியில் முட்டை விழுந்து, பக்கத்தில் நிற்கும் ஆண் அதைக் கருவுறச் செய்ததும், பெண் மீன் ஒரு முழம் மேலே நகர்ந்து மறுபடி தோண்டும். அதில் கிளம்பும் கல் முந்தைய குழியை மூடிவிடும். எல்லாம் முடிந்தபின் மேலிருந்து பார்த்தால், ஓட்டம் வரும் பக்கம் ஒரு பள்ளம், அதற்குக் கீழ்ப்பக்கம் ஒரு மேடு, சுற்றிலும் பாசி உரிந்து வெளிறிய கற்கள். இதில் கூத்து என்னவென்றால், விஷயம் தெரிந்தவர்கள்கூடப் பள்ளத்தைப் பார்த்து "ஆகா, முட்டைக் குழி" என்று கவனமாக ஒதுங்கி, பக்கத்திலிருக்கும் மேட்டின் மேல் ஏறி நிற்கிறார்கள். பள்ளம் காலி. முட்டை அத்தனையும் மேட்டுக்கு அடியில்.

இடமும் அப்படித்தான் வாய்த்திருக்கிறது. ஆழமான மடு முடிந்து, தண்ணீர் மெலிந்து, வேகம் பிடித்து, அடுத்த சலசலப்புக்குள் நுழையப் போகும் அந்த வால் பகுதியில்தான் மீன் குழி தோண்ட விரும்பும். அங்கே தண்ணீர் சரளைக்குள் இறங்கி ஊடுருவிப் போவதால் முட்டைக்கு ஆக்ஸிஜன் கிடைக்கும், வண்டல் தங்காது. நாம் ஓடையைக் கடக்கத் தேர்ந்தெடுக்கும் இடம் எது? அதே இடம்தான். ஆழமில்லை, வழுக்கவில்லை, கல் சீராக இருக்கிறது. நாம் கெட்ட எண்ணத்தோடு அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, காலுக்கு வசதி என்று போகிறோம், ஆனால் முந்தைய ஆள் கடந்த இடத்திலேயே அடுத்தவரும் கடப்பதால் ஒரே திட்டு நாள் முழுக்க மிதிபடுகிறது.

மிதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. அமெரிக்காவின் மொன்டானாவில் புரூஸ் ராபர்ட்ஸ், ரே வைட் என்ற இரு ஆய்வாளர்கள் செயற்கைக் குழிகளில் டிரவுட் முட்டைகளைப் புதைத்து, தூண்டில்காரர் நடப்பது போல அவற்றின் மேல் நடந்து பார்த்து, 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். முட்டை புதைத்ததிலிருந்து குஞ்சு வெளியேறும் வரை தினம் இரண்டு தடவை நடந்தால் 96 சதவீதம் வரை அழிந்தது. பொரிவதற்குச் சற்று முன்பு ஒரே ஒரு தடவை நடந்ததற்கே 43 சதவீதம் வரை போயிற்று. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. புதிதாக இட்ட முட்டை ஓரளவு மிதியைத் தாங்குகிறது, ஓடு இளகத் தொடங்கும் கட்டத்திலிருந்து குஞ்சு சரளையை விட்டு மேலே வரும் வரைதான் சேதம் மிக அதிகம். பிரவுன் டிரவுட் ஓடையில் அந்தக் கட்டம் வருவது ஏறக்குறைய நாம் முதன்முதலாக பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கும் நாட்களில். ரெயின்போ ஓடையில் சற்றுப் பின்னால்: தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் இருந்தால் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு மேலே வர அதற்குமேல் இரண்டு மூன்று வாரம், குளிர்ந்தால் இன்னும் இழுக்கும்.

"குழி தெரிந்தால் நான் ஒதுங்கிப் போய்விடுவேனே" என்பார்கள். தெரியாதே, அதுதான் சிக்கல். வெளிறிய திட்டில் சில வாரத்திலேயே பாசி படிந்துவிடும், வெள்ளம் மேட்டைத் தட்டையாக்கிவிடும், உள்ளே குஞ்சு இருக்கும்போதே வெளியே அடையாளம் போய்விடும். இலையுதிர் காலத்தில் பிரவுன் போட்ட குழியை வசந்தத்தில் நீரின் பளபளப்பைக் குறைக்கும் நல்ல போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே குழியைத் தேடாதீர்கள், இடத்தைப் பாருங்கள். மடுவின் வாலில் விரல் நுனி அளவு முதல் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு வரை சீரான சரளை பரவியிருந்தால் அங்கே குழி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடந்தே ஆக வேண்டுமென்றால் பெரும் பாறை கிடக்கும் இடத்தில், அல்லது மண்ணும் சேறுமாக இருக்கும் இடத்தில் கடக்கலாம், அங்கே டிரவுட் முட்டையிடாது. கால் வழுக்கும், சேறு ஒட்டும், பரவாயில்லை. ஆனால் ஓட்டம் பலமாக இருந்தால் கடக்கவே வேண்டாம். மீனுக்கு நல்லது செய்யப் போய் நீங்கள் அடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

அடுத்தது, குழியின் மேல் நிற்கும் மீனுக்கே வீசுவது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இதில் திறமை என்று ஒன்றும் கிடையாது. முழங்கால் தண்ணீரில், வெளிறிய கல்லின் மேல், விரட்டினாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பி வரும் மீன் அது. அதற்கு இரை தேடும் நினைப்பே பெரும்பாலும் இருக்காது. ஆண் மீன் குழிக்குள் எது மிதந்து வந்தாலும் விரட்டும், அதை நாம் "என் ஃபிளையை எடுத்தது" என்கிறோம். பத்து இருபது தடவை ஒரே கோட்டில் இழுத்துக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு தடவை முள் எங்கேயாவது மாட்டத்தான் செய்யும், வாயில் இல்லாவிட்டால் துடுப்பில், முதுகில், வயிற்றில். அப்புறம் ஒரு படம். தோண்டித் தோண்டி வால் தேய்ந்து வெளுத்த பெண் மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருப்பார்கள், ஆரஞ்சு நிற முட்டைகள் பொலபொலவென்று பூட்ஸின் மேல் உதிர்ந்துகொண்டிருக்கும், கீழே "பத்திரமாக விட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கும். எதை விட்டீர்கள்?

"எப்படியும் முட்டையிட்டதும் சாகிற மீன்தானே" என்று ஒரு சமாதானம் கேட்டிருக்கிறேன். அது சினூக், கோஹோ மாதிரியான பசிபிக் சால்மன்களின் கதை. ஸ்டீல்ஹெட் அப்படியில்லை, முட்டையிட்டபின் பிழைத்துக் கீழே இறங்கி, உடம்பு தேறி, மறுபடி ஏறி வரக்கூடியது. ஓடையில் ஒட்டிய வயிறோடு மெல்லக் கீழே நழுவிப் போகும் மீனைப் பார்த்தால் அதையும் விட்டுவிடுங்கள். அதனிடம் சண்டை போடத் தெம்பில்லை, நமக்கும் அதில் சுவாரசியம் இருக்கப் போவதில்லை.

முட்டை மாதிரிக் கட்டிய ஃபிளைகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். குழிக்குக் கீழே தப்பி வரும் முட்டைகளைத் தின்ன மற்ற மீன்கள் காத்திருக்கும், அவற்றுக்காக வீசுவது தவறா? அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். நன்றாகக் கீழே, ஆழமான ஓட்டத்தில், கரையில் நின்று வீசினால் யாருக்கும் நஷ்டமில்லை. குழியின் விளிம்பில் நின்றுகொண்டு "நான் பின்னால் இருக்கும் மீனுக்குத்தான் வீசுகிறேன்" என்பவரை மட்டும் நம்ப முடியவில்லை.

"சீசன் திறந்துவிட்டது, உரிமம் இருக்கிறது, உனக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு: திறக்கும் தேதி நாட்காட்டியில் இருக்கிறது, மீன் பார்ப்பது தண்ணீரின் சூட்டையும் வரத்தையும். குளிர் நீண்ட வருடத்தில் சீசன் திறக்கும் நாளன்று மீன் இன்னும் குழியின் மேலேயே நிற்கும். பல இடங்களில் இதனால்தான் பெரிய ஆற்றைத் திறந்துவிட்டுக் கிளை ஓடைகளைத் தாமதமாகத் திறக்கிறார்கள், அப்படிச் செய்யாத இடங்களில் அந்தத் தாமதத்தை நாமே கடைப்பிடிப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. "ஒரு வெள்ளம் வந்தால் நம் பூட்ஸைவிட அதிகமாக அழித்துவிடுமே" என்பதும் நியாயமான பேச்சுதான், வெள்ளம் சரளையையே புரட்டிவிடும், மறுக்கவில்லை. ஆனால் டிரவுட் வெள்ளத்தோடு வாழ்ந்து பழகிய மீன், ஒரே திட்டைத் தினமும் பலர் மிதிப்பது அதன் கணக்கில் இல்லாதது. மேலும் சின்ன ஓடையில் முட்டையிடத் தோதான சரளை எங்கும் இருப்பதில்லை, சில திட்டுகள்தான், பின்னால் வரும் பெண் மீன் முந்தையதன் குழியையே தோண்டிக் கலைக்கும் அளவுக்கு அங்கே நெருக்கடி. பெரிய ஆற்றில் நீங்கள் கோடையில் பிடிக்கப் போகும் மீனில் கணிசமானவை அந்தச் சில திட்டுகளில் பிறந்தவையாக இருக்கலாம்.

"குறைந்தால் பண்ணைக் குஞ்சு விட்டுவிடுவார்கள்" என்பவர்களுக்கு மொன்டானாவின் அனுபவத்தைச் சொல்லலாம். அங்கே மேடிசன் ஆற்றில் பண்ணை மீன் விடுவதை நிறுத்திப் பார்த்த பகுதியில் காட்டு டிரவுட் பெருகியது, அதைப் பார்த்துவிட்டு 1974-இல் காட்டு டிரவுட் ஓடும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே கைவிட்டார்கள். தானாகப் பெருகத் தெரிந்த மீனுக்கு நாம் செய்ய வேண்டியது குறுக்கே வராமல் இருப்பது மட்டும்தான்.

இத்தனை சொன்னபிறகு எங்கேதான் நிற்பது என்று எரிச்சல் வரும். வசந்த ஓடை தூண்டில்காரருக்குக் கொடுப்பதில் பெரும்பகுதியைத் தண்ணீரில் இறங்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை, அந்நேரம் தண்ணீர் சில்லென்றிருக்கும், பூச்சியும் அசையாது, மீனும் அசையாது. ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டிப் போட்டுப் பாருங்கள், 7, 8 டிகிரியைத் தாண்டினால் பேட்டிஸ் வகைச் சின்ன மேஃபிளைப் பூச்சிகள் வரத் தொடங்கும், அதிலும் மேகம் மூடித் தூறல் போடும் பிற்பகலாக இருந்தால் அவை இறகு உலர்ந்து பறக்க நேரமெடுத்துக்கொண்டு நீர்மேல் மிதந்துகொண்டே வரும், மீன் ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். வட அமெரிக்காவின் கிழக்குப் பக்க ஓடைகளில் 10 டிகிரியைத் தாண்டியபின் பிற்பகலில் ஹென்ட்ரிக்சன் என்ற மேஃபிளை கிளம்பும். பூச்சி மேலே வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிம்ஃப், அதாவது நீருக்குள் வாழும் அதன் இளம்பருவம், ஓட்டத்தில் எழும்பத் தொடங்கிவிடுவதால், நீர்மேல் ஒரு வளையம்கூடத் தெரியாத அந்த நேரத்தில் நிம்ஃப் மாதிரிக் கட்டிய ஃபிளையைத் தரையை ஒட்டி விட்டு, கடைசியில் மெல்ல மேலே எழ விடுங்கள், பல நாள் அந்த நாளின் நல்ல மீன் அப்போதுதான் கிடைக்கும். பனி உருகி வரும் ஓடையில் மட்டும் கணக்கு மாறும், பிற்பகல் வெயிலில் உருகிய தண்ணீர் வந்து சேர்ந்ததும் ஓடை குளிர்ந்து கலங்கிவிடலாம், அதற்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் கூடியிருக்கும்போது மீன் நடுவில் நிற்பதில்லை, ஓட்டம் தளரும் கரையோரத்துக்கு ஒதுங்கிவிடும், வேருக்கு அடியில், கல்லுக்குப் பின்னால், சில சமயம் கரையிலிருந்து ஒரு கை தூரத்தில். நாம் என்ன செய்கிறோம்? நேரே இறங்கி, அந்த மீனை எல்லாம் விரட்டிவிட்டு, நடு ஓடையில் நின்று எதிர்க்கரைக்கு வீசுகிறோம். ஸ்டோன்ஃபிளை என்ற நீர்ப்பூச்சிகளும் நீரிலிருந்து கரைக்கல்லின் மேல் ஊர்ந்து ஏறித்தான் தோலுரிக்கும், அதனால் அவை கிளம்பும் நாட்களில் மீன் இன்னும் ஓரத்துக்கு வரும். கீழிருந்து மேல்நோக்கி, கரையோடு குனிந்து போய், முதல் வீச்சைக் காலடியிலேயே போடுங்கள். டிரவுட் ஓட்டத்தை எதிர்த்துப் பார்த்து நிற்பதால் பின்னாலிருந்து வருகிறவரை எளிதில் கவனிக்காது. கிளை மறைக்கும் இடத்தில் பின்வீச்சே இல்லாத ரோல் காஸ்ட் போதும், பத்தடிக்கு நரம்பு வெளியே இருந்தால் அந்த ஓடைக்கு அதுவே தாராளம்.

பிடித்தபின் கையாள்வது பற்றி நம் ஆட்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை, ஒன்றைத் தவிர. மேலே சொன்ன அதே 1992-இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் ரெயின்போக்களைக் களைத்துப்போகும் வரை விரட்டி, பிறகு காற்றில் வைத்துப் பார்த்தார்கள். களைத்தும் காற்றில் வைக்கப்படாத மீனில் 88 சதவீதம் பிழைத்தது, 30 விநாடி காற்றில் இருந்தவற்றில் 62, ஒரு நிமிடம் இருந்தவற்றில் 28. ஆய்வுக்கூடத்து நிலைமை கடுமையானது, ஓடைகளில் பிற்பாடு செய்த சில ஆய்வுகளில் இவ்வளவு சாவு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் குளிர் முழுக்க ஒட்டிய வயிறோடு இருந்துவிட்டு இப்போதுதான் தின்னத் தொடங்கியிருக்கும் மீன் அது. படம் வேண்டுமென்றால் வலையில், தண்ணீருக்குள் வைத்தே எடுங்கள், மீன் அதில்தான் அழகாகவும் தெரிகிறது.

பூட்ஸையும் கழுவுங்கள். ஓர் ஓடையின் சேற்றை இன்னோர் ஓடைக்குச் சுமந்து போவது நாம்தான். டிடிமோ என்ற பாசி 2004-இல் தெற்கு நியூசிலாந்தில் தென்பட்டபின், ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஃபெல்ட் துணி அடி வைத்த பூட்ஸை 2008-இல் அந்த நாட்டில் தடையே செய்துவிட்டார்கள். மேடிசன் ஆற்றில் 1994-இல் கண்டறியப்பட்ட, டிரவுட்டைத் தாக்கும் சுழல் நோயின் கிருமி சேற்றில் பல காலம் உயிரோடு கிடக்கும், அது தாக்குவது எலும்பு இன்னும் குருத்தாக இருக்கும் இளங்குஞ்சுகளை, அதாவது இப்போதுதான் சரளையிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்தக் குஞ்சுகளையே. சேற்றைத் தேய்த்து எடுத்து, நன்றாக உலர்த்தி, முழுக்க உலர்ந்தபின் இன்னும் இரண்டு நாள் விட்டுவிட்டு அடுத்த ஓடைக்குப் போங்கள். அவசரமென்றால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தூண்டில் சங்கங்களை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உறுப்பினர்களுக்கு முடிச்சுப் போடவும் ஃபிளை கட்டவும் வகுப்பெடுக்கிறீர்கள், முட்டைக் குழியை அடையாளம் காண ஒரு பிற்பகல் வகுப்பை அதோடு சேருங்கள், கரையில் நின்றே காட்டலாம். இலையுதிர் காலத்தில் ஒரு தடவை, வசந்தத்தில் ஒரு தடவை ஓடை நெடுக நடந்து குழி தோண்டும் திட்டுகளைக் குறித்து வைத்தால், அடையாளம் மறைந்தபின்னும் எந்த இடத்தில் இறங்கக்கூடாது என்பது தெரிந்திருக்கும். ஒவ்வொரு ஓடையிலும் கடப்பதற்குப் பாறைத் தரையுள்ள ஓரிரு இடங்களைத் தேர்ந்து, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அங்கே போகும்படி ஒற்றையடிப் பாதையைத் திருப்பி விடுங்கள், பலகையில் நீளமாக அறிவுரை எழுதி வைப்பதைவிட அது நன்றாக வேலை செய்யும். முட்டை உதிரும் மீனோடு எடுத்த படத்தைப் போட்டிக்கு ஏற்றுக்கொள்வதில்லை என்று இந்த வருடமே ஒரு விதி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்